கையெழுத்துப் பத்திரிகையைப் புத்தகமாக்க ஆசை: காசு கொடுத்துப் பதிப்பகத்திடம் போவதா, நாமே போடுவதா?

பால் சொசைட்டி அக்கா, கொழிஞ்சாம்பாறை:

எல்லோருக்கும் வணக்கம். நான் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாக்காரி. ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, கோவையிலிருந்து வேலந்தாவளம் தாண்டினால் வருகிற பக்கம். காலை ஐந்தரைக்கு சொசைட்டியில் பால் அளக்க உட்கார்ந்தால் எட்டு மணி வரை தலை நிமிர முடியாது. அதற்கப்புறம் கிடைக்கிற நேரத்தில்தான் வாசிப்பும் எழுத்தும்.

எங்கள் ஊர் வாயனசாலை (நூலகம்) மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடுவோம். தமிழ் வாத்தியார் ஒருவர், கள் இறக்குகிற அண்ணன் ஒருவர், கஞ்சிக்கோட்டுக்குக் கம்பெனி வேலைக்குப் போகிற பையன்கள் இரண்டு பேர், தையல் கடை வைத்திருக்கிற என் சிநேகிதி, நான், அவ்வப்போது சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ்த்துறைப் பிள்ளைகள். எல்லோரும் எழுதுவோம். 9 வருடமாக ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்துகிறோம். கேரளத்தில் இது பழைய வழக்கம், நாங்கள் அதைத் தமிழில் செய்கிறோம். ஒரே ஒரு பிரதிதான். நீளமான கணக்கு நோட்டில் வாத்தியார் முத்து முத்தாக எழுதுவார். அது மஞ்சப்பையில் போட்டு வீடு வீடாகப் போகும். கடைசி 8 பக்கத்தை வெறுமனே விட்டுவிடுவோம், வாசித்தவர்கள் எழுதுவதற்காக.

14ஆம் இதழில் நான் எழுதிய ஒரு கதையில் மாடு செத்துப்போகும். நோட்டு திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி, பேரன் வாசிக்கக் கேட்டுவிட்டு அவனைக் கொண்டே எழுத வைத்தது: "இந்த மாடு எங்க மாடு மாதிரியே இருக்குது. அது செத்திருக்க வேண்டாம்." அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

இப்போது 31 இதழ் ஆகிவிட்டது. அதிலிருந்து 40 கவிதையும் 11 சிறுகதையும் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். புத்தகமாக்க வேண்டும். ஆனால் பயமாக இருக்கிறது. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களில் கள் இறக்குகிற அண்ணன்தான் நல்ல கவிஞர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தன் கவிதைகளைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்துக்கு 38,000 ரூபாய் கட்டினார். 300 பிரதி என்று பேச்சு. வந்தது 60. அது கூடப் பரவாயில்லை. கவிதையின் வரிகளையெல்லாம் சேர்த்து உரைநடை மாதிரி அடித்திருந்தார்கள். 11 வரிக் கவிதை 4 வரியாகக் கிடந்தது. பல இடங்களில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். அண்ணன் அந்தக் கட்டைப் பிரித்து ஒரு பிரதியை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி வைத்துவிட்டார். அதற்கப்புறம் ஒன்றரை வருடமாக ஒரு வரி எழுதவில்லை. கூட்டத்துக்கு வருவார், கேட்பார், போவார்.

இப்போது வேறொரு பதிப்பகம் எங்கள் தொகுப்புக்கு 500 பிரதி, 60,000 என்கிறது. கட்டலாமா, இல்லை நாங்களே அச்சிடலாமா? அப்படியென்றால் எத்தனை பிரதி?

இன்னொன்றும் கேட்க வேண்டும். எங்கள் கதைகளில் மலையாளம் வரும், வராமல் இருக்காது. ஒரு கதையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிற கிழவர், வாழ்நாள் முழுக்க வீட்டில் 'தண்ணி' என்று கேட்டவர், கடைசியில் நர்ஸைப் பார்த்து 'வெள்ளம்' என்று கேட்பார். தமிழ்நாட்டு வாசகருக்கு வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. 'தண்ணீர்' என்று மாற்றிவிடு, இல்லையென்றால் அடிக்குறிப்புப் போடு என்கிறார்கள். எனக்கு மனது வரவில்லை. என்ன செய்யலாம்?

பாரம் பதினாறு, கோவை:

அக்கா, 22 வருடமாக அச்சக வேலையில் இருக்கிறேன். அண்ணனுடைய புத்தகத்துக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது, அதனால் அதை முதலில் சொல்கிறேன்.

நீங்கள் போனில் யூனிகோடில் அடித்து அனுப்பியிருப்பீர்கள். அங்கே இன்னும் பேஜ்மேக்கர் என்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை வைத்துப் பழைய எழுத்துருவில் ஓட்டுகிறார்கள். பேஜ்மேக்கர் யூனிகோட் தமிழை எடுக்காது. அதனால் ஒரு மாற்றியில் போட்டு எடுப்பார்கள், அதில்தான் ஒகரமும் ஓகாரமும் உடையும். அப்புறம், வாட்ஸ்அப்பில் வருகிற கதைகளில் தேவையில்லாத இடத்திலெல்லாம் வரி முறிந்து கிடக்கும். அதைச் சரிசெய்ய எல்லா வரி முறிவையும் ஒரே அடியாக நீக்குவது ஒரு பழக்கம். கதைக்கு அது உதவும். கவிதையைக் கொன்றுவிடும். யாரும் புரூஃப் பார்க்கவில்லை என்பதுதான் இதில் மன்னிக்க முடியாதது.

ஆகவே இன்டிசைன் என்கிற புதிய மென்பொருளில் யூனிகோடிலேயே வடிவமைப்பவரைப் பிடியுங்கள். கவிதைகளைத் தனியாகத் தாளில் எழுதி, ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறது என்று சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். புரூஃபை போனில் பார்க்காதீர்கள். பிரிண்ட் எடுத்து, எழுதியவர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள். கவிதை ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில் தொடங்கட்டும். நீளமான வரிகள் இருந்தால் கிரவுன் சைஸ் வேண்டாம், அகலம் பத்தாமல் வரி மடங்கும். டெமி சைஸ் போங்கள்.

கணக்கு இதுதான். ஒரு பாரம் 16 பக்கம். 11 கதை, 40 கவிதை, முன்பக்கங்கள் எல்லாம் சேர்த்து உங்களுக்கு 150 பக்கம் வாக்கில் வரும். அப்போது 10 பாரம், 160 பக்கம். 500க்குக் கீழே என்றால் ஆஃப்செட் கட்டுப்படியாகாது, பாரத்துக்கு இரண்டு பிளேட் வீதம் 20 பிளேட் போட வேண்டும். டிஜிட்டலில் எங்கள் பக்கம் இன்றைக்குப் பக்கத்துக்கு 50, 60 காசு. 70 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு) என்.எஸ். தாள், அதாவது லேசாக மஞ்சள் கலந்த தாள், 300 ஜி.எஸ்.எம். அட்டை, மேட் லாமினேஷன், பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பிரதி 115 ரூபாய் வரும். 250 பிரதிக்கு 29,000க்குள் முடியும். வடிவமைப்புக் கூலி தனி. தாள் விலை ஏறினால் கொஞ்சம் கூடும்.

பத்துப் பக்கம் போல மிச்சம் விழும். அதில் விளம்பரம் வாங்கிப் போடலாம், செலவில் கொஞ்சம் குறையும்.

ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ராஜாராம் மோகன்ராய் தேசிய முகமை அதை இலவசமாகத் தருகிறது, ஆன்லைனில் நீங்களே விண்ணப்பிக்கலாம்.

சாலைத்தெருவாசி, திருவனந்தபுரம்:

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அந்தப் பாட்டி சொன்ன வரிக்காகவே இந்தப் புத்தகம் வர வேண்டும்.

60,000 கொடுக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போடுகிறவருக்கு உங்கள் காசு கைக்கு வந்ததுமே வியாபாரம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்தப் புத்தகம் ஒருவர் கைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

எழுதுகிறவர்களே சேர்ந்து புத்தகம் போடுவது நீங்கள் இருக்கிற மாநிலத்தில் புதிதல்ல. 1945இல் கோட்டயத்தில் எழுத்தாளர்கள் ஒன்றுகூடி சாகித்ய பிரவர்த்தக சககரண சங்கம் என்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே தொடங்கினார்கள். எழுதியவருக்கு 30 சதவீத ராயல்டி கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த விகிதத்தைச் சொன்னால் பதிப்பாளர்கள் நம்ப மாட்டார்கள். நீங்கள் பால் சொசைட்டியில் இருப்பவர், கூட்டுறவு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தமிழில் சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கும்போதே, 2000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்துவிட்டுத்தான் தொடங்கினார். யாருக்காக நடத்துகிறோம் என்ற தெளிவு அது. 119 இதழ் கொண்டுவந்தார். புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போய் விற்றார். புதுக்கவிதை என்று இன்றைக்கு நாம் எழுதுவதெல்லாம் அந்தச் சிறிய பத்திரிகையில் கால் ஊன்றி எழுந்ததுதான். இந்த ஊரிலேயே எழுத்தாளர் நகுலன் 1968இல் 'குருக்ஷேத்திரம்' தொகுப்பைக் கொண்டுவந்தார். அன்றைக்குச் சென்னைக்கு வெளியே, மலையாள தேசத்தில் உட்கார்ந்துகொண்டு, தமிழின் நல்ல எழுத்துகளை ஒரு அட்டைக்குள் சேர்த்தது சாதாரணக் காரியம் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்று. 1980களில் நானும் நண்பர்களும் ஒரு சிற்றிதழ் நடத்தினோம், 7 இதழ் வந்தது. அச்சுக்கோப்பவர் ஈய எழுத்தைத் தலைகீழாக வாசித்துக்கொண்டே, "சார், இந்தக் கவிதையில ஒரு வரி ஜாஸ்தி" என்றார். அவர் சொன்னது சரி. எடுத்துவிட்டோம். முதல் இதழை ஆசையில் 1000 பிரதி அடித்தோம். முன்னூறுக்கு மேல் போகவில்லை. மீதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன், ஜூனில் வருகிற எடவப்பாதி மழையில் கறையான் ஏறிவிட்டது. கட்டைத் தூக்கினால் அட்டை மட்டும் கையில் வந்தது, உள்ளே மண். அடுத்த இதழிலிருந்து 250தான். ஒவ்வொரு பிரதியும் யார் வீட்டுக்குப் போனது என்று அன்றைக்கு எங்களால் சொல்ல முடிந்தது.

அதனால் முதலில் ஒரு பெயர்ப் பட்டியல் போடுங்கள். உங்கள் நோட்டு இந்த 9 வருடத்தில் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கிறதோ அத்தனை வீடும் அதில் இருக்கட்டும். முன்பதிவாக 200 ரூபாய் வாங்குங்கள். எத்தனை பெயர் சேருகிறதோ அதற்கு மேல் நூறு மட்டும் கூட்டி அச்சிடுங்கள். உள்ளே எழுதிய ஒவ்வொருவருக்கும் முதலில் ஐந்து பிரதி கொடுத்துவிட வேண்டும், அது விற்பனைக்கு முன்னால். காப்புரிமை அவரவருக்கே என்று இரண்டாம் பக்கத்தில் அச்சிடுங்கள்.

வெள்ளத்தைத் தண்ணீராக மாற்றவே மாற்றாதீர்கள். அடிக்குறிப்பும் வேண்டாம். அந்தக் கிழவர் கடைசி நேரத்தில் இன்னொருவருடைய பாஷைக்கு இறங்கி வந்து கேட்கிறார், அங்கேதான் கதையே இருக்கிறது. அடிக்குறிப்புப் போட்டால் வாசகன் அந்த நேரத்தில் கிழவரை விட்டுவிட்டுப் பக்கத்தின் அடிக்குப் போய்விடுவான். நர்ஸ் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தால் போதும், யாருக்கும் புரியும். ஆ. மாதவனும் நீல பத்மநாபனும் இந்த ஊர்த் தமிழை மலையாளக் கலப்போடு அப்படியேதான் எழுதினார்கள். தமிழ் வாசகர்கள் அதைத் தேடி வாசித்தார்கள்.

மூணாறு மழை:

அக்கா, நான் எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பெரியவர் சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் மட்டும் மாற்றுக்கருத்து. பதிப்பகம் என்றாலே தள்ளிவிட வேண்டாம். என் சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டவர்கள் என்னிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. அதைவிடப் பெரிய உதவி, அவர்கள் நாலு மாதம் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து வாசித்தார்கள். 12 கதை கொடுத்தேன், 9தான் புத்தகத்தில் வந்தது. விட்ட மூன்றும் விட வேண்டியவைதான் என்று இப்போது தெரிகிறது. ஒரு கதையின் கடைசிப் பத்தியை அடித்துவிட்டு, "கதை இதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார் அந்த ஆசிரியர். அன்று இரவு தூங்கவில்லை. காலையில் வாசித்தபோது அவர் சொன்னதுதான் சரி.

நீங்களே போடுவதென்றால் அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். எழுதியவர் இல்லாத இன்னொருவர் சத்தமாக வாசிக்கட்டும், எழுதியவர் கேட்கட்டும். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு புள்ளி. 11 கதையும் தேற வேண்டும் என்று அவசியமில்லை, 8 நின்றாலும் நல்ல புத்தகம்.

இன்னும் சில விஷயங்கள். அந்த 31 நோட்டையும் அச்சுக்கு முன்பே ஸ்கேன் செய்துவிடுங்கள், ஓரத்தில் எழுதியது உட்பட. ஒரே ஒரு பிரதி என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. எங்கள் பக்கம் மழையில் எத்தனை நோட்டுகள் போயிருக்கின்றன தெரியுமா? சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்கள் பழைய தமிழ் அச்சையெல்லாம் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

தபாலுக்கு, 2025 மே முதல் 'ஞான் போஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. புத்தகத்தில் அச்சகம் அல்லது வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும். ஒரு பிரதியைக் கொண்டுபோய் போஸ்ட் ஆபீஸில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும், 1954ஆம் வருடச் சட்டம் அது. கொழிஞ்சாம்பாறையில் வந்த தமிழ்ப் புத்தகம் கொல்கத்தாவில் இருக்கும். நினைத்தாலே சந்தோஷமாக இல்லையா?

பால் சொசைட்டி அக்கா, கொழிஞ்சாம்பாறை:

மூன்று பேருக்கும் நன்றி. பதில் போடத் தாமதமாகிவிட்டது. இந்தச் சனிக்கிழமை கூட்டம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

பதிப்பகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். மூணாறுத் தங்கச்சி சொன்ன மாதிரி மாற்றி மாற்றிச் சத்தமாக வாசித்தோம். என் மாட்டுக் கதையைக் கம்பெனிக்குப் போகிற பையன் வாசித்தான். பாதியில் இரண்டு பத்தி எனக்கே கேட்கச் சகிக்கவில்லை, அங்கேயே கோடு போட்டு அடித்தேன். கதைகளில் மூன்றை எடுத்துவிட்டோம், அதில் ஒன்று வாத்தியாருடையது. அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார். அப்புறம் அவரே, "சரி, எடுத்துடலாம்" என்றார். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை, அதாவது கொங்குநாட்டுப் படை தோற்றதைக் கொண்டாடுகிற திருவிழா, பார்க்கப் போகிற கொங்கு வீட்டுப் பையன் கதை நின்றது. எதிரிப்படையாக வேஷம் கட்டி வந்து தோற்று ஓடுகிறவர்களைப் பார்த்து எல்லோரும் கை தட்டும்போது, தானும் தட்டலாமா என்று அப்பா முகத்தைப் பார்ப்பானே, அந்த இடத்தில் வாசித்தவனுக்கே குரல் கம்மிவிட்டது. வெள்ளம் வெள்ளமாகவே இருக்கும்.

கவிதைக்கு வந்தபோது நான் வேண்டுமென்றே அண்ணனுடைய அந்த 11 வரிக் கவிதையை எடுத்தேன். புத்தகத்திலிருந்து இல்லை, 9ஆம் இதழ் நோட்டிலிருந்து. பாளை சீவுகிற கத்தியைப் பற்றியது. ஒவ்வொரு வரியும் அவர் மரத்தில் ஏறி நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் முடியும். அது எனக்கு இத்தனை நாள் தெரியாது, வாசிக்கும்போதுதான் தெரிந்தது. ஏழாவது வரியில் நான் நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன். அண்ணன் கையைத் தூக்கி, "அங்க நிக்கோணும்" என்றார். திரும்ப வாசித்தேன். நின்றேன். கோவைத் தம்பி சொன்ன சிவப்புப் பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். 40 கவிதைக்கும் வரி முடிகிற இடத்தில் கோடு போடுவது இனி அவர் வேலை. இரண்டு கவிதைக்கு அங்கேயே போட்டார்.

பட்டியல் போட்டதில் இதுவரை 143 வீடு. சொசைட்டிக்குப் பால் ஊற்ற வருகிறவர்களே அதில் முப்பதுக்கு மேல். முன்பதிவுப் பணத்தை என் சிநேகிதி தையல் கடையில் ஒரு டப்பாவில் வாங்கிப் போட்டுக் கணக்கு எழுதுகிறாள். பெரியவர் சொன்னபடி பார்த்தால் 243, நாங்கள் 250 என்று முடிவு செய்திருக்கிறோம். நோட்டுகளை ஸ்கேன் செய்யக் கல்லூரிப் பிள்ளைகள் ஒத்துக்கொண்டார்கள், இன்றைக்கு 6 நோட்டு முடிந்தது.

கோவைத் தம்பிக்கு ஒரு கேள்வி. மூன்று கதை போனதால் இப்போது 128 பக்கத்துக்குள், அதாவது 8 பாரத்துக்குள் அடங்கும் போலிருக்கிறது. 120 பக்கம் விஷயம், மீதி 8 பக்கம். அதில் விளம்பரம் வேண்டாம். பாட்டி சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் அந்த எட்டில் முதல் பக்கத்தின் மேலே போட்டுவிட்டு, மற்றதையெல்லாம் கோடு போட்டு வெறும் பக்கமாகவே விட்டுவிட வேண்டும். பென்சிலில் எழுதினாலும் பேனாவில் எழுதினாலும் அந்த 70 ஜி.எஸ்.எம். தாளில் மை மறுபக்கம் ஊறாமல் இருக்குமா?